அன்று வடித்த ரத்தம், இன்று மருந்து

கணுக்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கத்தில் முதலில் தோல் கறுக்கும். அரிக்கும். சொறிந்த இடத்தில் நீர் கசியும். சில வாரங்களில் அங்கே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் குழி விழும். கவனிக்காமல் விட்டால் உள்ளங்கை அகலத்துக்குப் பரவும். டீக்கடை மாஸ்டர், முடிதிருத்துபவர், பேருந்து நடத்துநர், போக்குவரத்துக் காவலர், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே சேலை விரிக்கும் பெண் என்று, நின்று பிழைக்கிறவர்களின் கால்களில் இந்தப் புண்ணை அடிக்கடி பார்க்கலாம். வெரிகோஸ் புண் அல்லது சிரைப் புண் என்பார்கள். பாதத்தின் அடியில் வருவது இன்னொரு வகை. சர்க்கரை நோயாலோ தொழுநோயாலோ உணர்ச்சி மரத்துப்போன பாதத்தில், வலி என்ற எச்சரிக்கை கூட இல்லாமல் அது குழி பறிக்கும். இரண்டும் வருடக்கணக்கில் ஆறாமல் கிடக்கும்.

இந்தப் புண்களின் வைத்தியத்தில் எத்தனையோ மாறியிருக்கிறது. அதிகம் மாறியது, ரத்தத்தைப் பற்றிய நம் பார்வைதான். காலில் இறங்கித் தேங்கிய கெட்ட ரத்தமே புண்ணுக்குக் காரணம் என்று அதைக் கீறி வெளியேற்றிய காலம் ஒன்று இருந்தது. இன்று அதே நோயாளியின் கையிலிருந்து சில மில்லி ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுற்றிப் பிரித்து, அதன் ஒரு பகுதியைப் புண்ணின் மேலேயே வைக்கிறார்கள். அந்த மாற்றத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கூடவே, இதற்கிடையில் மாறாமல் நிற்கும் சில பழைய பாடங்களையும் சொல்லியாக வேண்டும். புதியதன் வெளிச்சத்தில் அவை கண்ணில் படாமல் போகின்றன.

கீறி வடித்த காலம்

சித்த மருத்துவம் வகுத்த 32 புற மருத்துவ முறைகளில் அட்டைவிடலும் குருதி வாங்கலும் உண்டு. புண்ணுக்கு 60 வகைச் சிகிச்சைகளைச் சொன்ன சுசுருதரும் அட்டையைப் பயன்படுத்தினார். ஐரோப்பாவிலோ 19ஆம் நூற்றாண்டில் அட்டை பெரிய வணிகமாகவே நடந்தது. பிரான்ஸ் கோடிக்கணக்கில் அட்டைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது.

அவர்கள் கண்ணால் கண்டது பொய்யல்ல. காலில் ரத்தம் உண்மையிலேயே தேங்குகிறது. நாம் அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரைகளுக்குள் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். நடக்கத் தொடங்கினால் கெண்டைத் தசை இறுகி ரத்தத்தை மேலே தள்ளும். அழுத்தம் 30 அளவுக்கு இறங்கும். சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் பழுதானவர்களுக்கு மேலே போன ரத்தம் மறுபடி கீழே வழிகிறது. நடந்தாலும் அழுத்தம் குறைவதில்லை. நுண்ணிய குழாய்களிலிருந்து நீரும் சிவப்பணுக்களும் சுற்றியுள்ள திசுக்களுக்குள் கசிகின்றன. சிவப்பணுவின் இரும்புச்சத்து தங்கித் தோல் கறுக்கிறது. சிறு கீறல் பட்டாலும் ஆறுவதற்கு வழியில்லாமல் போகிறது.

அட்டை விட்டால் அன்றைக்கு வீக்கம் கொஞ்சம் வாடியிருக்கலாம். மறுநாள் காலையில் அதே மனிதர் அதே கல்லாவின் முன் நின்றதும், அதே சிரை மறுபடி நிரம்பியது. கெட்டது ரத்தமல்ல, அது திரும்பும் பாதைதான் என்பது அப்போது தெரியவில்லை.

வீடுகளில் கைக்குக் கிடைத்ததெல்லாம் மருந்தாயிற்று. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டார்கள். சல்ஃபா பவுடர் வந்த பிறகு அதைத் தூவினார்கள். புண் காய்ந்தால்தான் ஆறும் என்று வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினார்கள். மறுநாள் ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கும்போது, இரவில் வளர்ந்திருந்த பிஞ்சுத் தோலும் சேர்ந்து வந்தது. வாடைக்கு அஞ்சித் திண்ணையிலேயே படுத்துக்கொண்டவர்கள் உண்டு. கல்யாணம் காட்சிக்குப் போவதை நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. மற்றவர் முகம் சுளிப்பதைத் தாங்க முடியாத அந்தத் தனிமை, புண்ணைவிடக் கொடியது.

காய்ந்தால் ஆறும் என்ற எண்ணத்தை 1962இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் மாற்றினார். பன்றிகளின் தோலில் காயம் செய்து, பாதியைத் திறந்துவிட்டு, பாதியை மெல்லிய படலத்தால் மூடிவைத்தார். மூடப்பட்டு ஈரப்பதத்தோடு இருந்த காயங்களில் புதுத் தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது. இன்று புண்ணில் ஒட்டாத வலைத்துணியும், நீரை உறிஞ்சும் நுரைப்பஞ்சுக் கட்டும் வந்ததற்கு அந்த ஆய்வே அடித்தளம்.

கட்டும் செருப்பும் கற்றுத் தந்தவை

சிரைப் புண்ணுக்கு அழுத்திக் கட்டுவதே வைத்தியம் என்பதும் பழைய அறிவுதான். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசரின் அறுவை மருத்துவர் ரிச்சர்ட் வைஸ்மன், கயிறு பூட்டி இறுக்கும் தோல் காலுறையைப் பயன்படுத்தினார். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத் தோல் மருத்துவர் உன்னா, துத்தநாகப் பசை தடவிய கட்டைக் கொண்டுவந்தார். 1980களில் லண்டனின் சேரிங் கிராஸ் மருத்துவமனை நான்கு அடுக்குக் கட்டை முறைப்படுத்தியது. கணுக்காலில் சுமார் 40 மி.மீ. அழுத்தம், முழங்காலை நோக்கிப் போகப்போகக் குறைவு என்பதே இன்றுவரை அடிப்படைக் கணக்கு.

பாதத்தடிப் புண்ணைப் பற்றிய பெரிய பாடம் நம் மண்ணிலேயே பிறந்தது. கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் பாதம் அழுகுவது அவர்களின் சதையே கெட்டுப்போனதால் என்றுதான் அப்போது பலரும் நம்பினார்கள். பிராண்ட் அதை ஏற்கவில்லை. அவர்களின் சதை மற்றவர் சதையைப் போலவே ஆறும். வலி தெரியாததால் அதே இடத்தை அவர்கள் மறுபடி மறுபடி மிதிக்கிறார்கள், அதனால்தான் ஆறுவதில்லை என்று காட்டினார். மாவுக்கட்டுப் போட்டுப் பாதத்தின் சுமையைப் பரப்பிவிட்டால், வருடக்கணக்கான புண்ணும் மூடிக்கொண்டது. தொழுநோய்ப் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போடும் வழக்கம் 1930களிலேயே இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்தது. பிராண்ட் அதை அமெரிக்காவின் லூயிசியானாவில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அது சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பரவியது.

வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955இல் தொடங்கப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி மையம், எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பரில் செருப்புச் செய்து நோயாளிகளுக்குக் கொடுத்தது. புண் ஆறியவர்கள் மீண்டும் புண்ணோடு திரும்பாமலிருக்க அந்தச் செருப்பு காத்தது. தொழுநோய்க்கு வந்த அதே ரப்பர் பிறகு சர்க்கரை நோயாளிகளின் செருப்புக்குள்ளும் போயிற்று. புண்ணுக்கு என்ன பூசுவது என்று கேட்பதற்கு முன், புண்ணை எது ஆறவிடாமல் தடுக்கிறது என்று கேட்க வேண்டும். வேலூரும் கரிகிரியும் உலகத்துக்குச் சொன்னது இதைத்தான்.

தட்டணுவின் இன்னொரு வேலை

டெங்கு வந்த நாள்களில் பிளேட்லெட் என்ற சொல் எல்லா வீட்டுக்கும் அறிமுகமாயிற்று. தமிழில் தட்டணுக்கள். அவை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நான்கரை லட்சம் வரை இருக்கும். ஏழிலிருந்து பத்து நாள் வாழும். உட்கரு கிடையாது. ரத்தம் உறைந்து காயத்தை அடைக்க உதவுவதே அவற்றின் ஒரே வேலை என்றுதான் நீண்ட காலம் பாடம் நடந்தது.

1974இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ரஸ்ஸல் ராஸும் அவருடன் இருந்தவர்களும் அந்தப் பாடத்தைத் திருத்தினார்கள். உறைந்த ரத்தத்தின் தெளிநீரை ஊற்றினால் ஆய்வுத் தட்டில் இருக்கும் செல்கள் பெருகின. தட்டணுக்களை நீக்கிய பிளாஸ்மாவை ஊற்றினால் அப்படிப் பெருகவில்லை. செல்களைப் பெருகச் சொல்லும் ஏதோ ஒன்று தட்டணுவிலிருந்துதான் வெளியாகிறது என்பது தெளிவாயிற்று. ஒவ்வொரு தட்டணுவுக்குள்ளும் ஆல்ஃபா துகள்கள் என்ற நுண்பைகள் இருக்கின்றன. காயம் பட்டதும் அவை உடைந்து வளர்ச்சிக் காரணிகளைக் கொட்டுகின்றன. ஒன்று செல்களைக் காயத்துக்கு அழைக்கும், ஒன்று புது ரத்தக் குழாய்களை முளைக்க வைக்கும், ஒன்று கொலாஜன் இழைகளை நெய்ய வைக்கும்.

நாள்பட்ட புண்ணில் இந்த ஏற்பாடு நின்றுபோயிருக்கும். புண் அழற்சி நிலையிலேயே தேங்கிவிடும். அங்கே பெருகிய நொதிகள், உடல் அனுப்பும் வளர்ச்சிக் காரணிகளையே சிதைத்துவிடும். பாக்டீரியாக்கள் வழுவழுப்பான படலத்துக்குள் ஒளிந்து வாழும். விளிம்பில் உள்ள செல்கள் மூப்படைந்து, நகரும் திறனை இழந்திருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் புதிதாகக் காயம் பட்டதுபோன்ற சூழலைத் தட்டணுவைக் கொண்டு மறுபடி உண்டாக்க முடியுமா என்பதே கேள்வியாக இருந்தது.

அதை மனிதர்களிடம் சோதித்துப் பார்த்தவர் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக அறுவை மருத்துவர் டேவிட் நைட்டன். 1986இல் 49 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்கள் அதுவரை வழக்கமான வைத்தியத்தில் கழித்த காலம் சராசரியாக 198 வாரங்கள். கிட்டத்தட்ட நான்கு வருடம். அவரவர் தட்டணுவிலிருந்து எடுத்த சாற்றைத் தடவியதில், புண்கள் முழுதாக மூடச் சராசரியாக 10.6 வாரங்களே ஆயின. மருத்துவ உலகம் நிமிர்ந்து பார்த்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு, சான்று போதாது என்று 1992இல் இந்த வகைச் சிகிச்சைக்குப் பணம் தர மறுத்தது.

ஆராய்ச்சி நிற்கவில்லை. தட்டணுவின் வளர்ச்சிக் காரணிகளில் ஒன்றை மட்டும் மரபணுத் தொழில்நுட்பத்தில் செய்து, பெகாப்ளெர்மின் என்ற களிம்பாக்கினார்கள். 1997இல் சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணுக்கு அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2001இல் பிரான்ஸின் ஜோசஃப் ஷுக்ரூன் இன்னும் எளிய வழி ஒன்றைக் காட்டினார். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எதுவும் சேர்க்காமல், எடுத்த கையோடு சுற்றினார். குழாயின் நடுவே ஃபைப்ரின் இழைகளால் ஆன கட்டி ஒன்று தானாகவே திரண்டது. தட்டணுக்களும் வெள்ளை அணுக்களும் அந்த வலைக்குள் சிக்கியிருந்தன. இதற்கு பி.ஆர்.எஃப்., அதாவது தட்டணு செறிந்த ஃபைப்ரின் என்று பெயர்; இதற்கு முன்பிருந்த நீர்ம வடிவம் பி.ஆர்.பி., அதாவது தட்டணு செறிந்த பிளாஸ்மா.

இன்று, கட்டு மாற்றும் அறையில்

“ஐயா, காலைத் தொங்கப் போடாதீங்க. மேல தூக்கி வைங்க” என்று சொல்லிக்கொண்டே செவிலியர் கட்டைப் பிரிக்கிறார். புண்ணை உப்புநீரால் கழுவுகிறார். மருத்துவர் செத்த சதையைச் சுரண்டி எடுத்து, சிவந்த படுகை தெரியும் வரை சுத்தம் செய்கிறார். புண்ணின் நீளமும் அகலமும் குறித்துக்கொள்ளப்படுகின்றன, படம் எடுக்கப்படுகிறது. கையிலிருந்து ஒன்றிரண்டு குழாய் ரத்தம் எடுத்ததும், உறைவதற்குள் ஓட்டமாகச் சென்ட்ரிஃபியூஜில் வைக்கிறார்கள்.

சுமார் பத்து நிமிடம் ஆகும். குழாயில் மூன்று அடுக்குகள் தெரிகின்றன: மேலே வைக்கோல் நிறத்தில் தெளிநீர், அடியில் சிவப்பணுக்கள், நடுவே மங்கலான மஞ்சள் நிறத்தில் ஃபைப்ரின் கட்டி. அதைக் கிடுக்கியால் எடுத்து, சிவப்புப் பகுதியை வெட்டி நீக்கி, இரண்டு காஸ் துணிகளுக்கு நடுவில் மெல்ல அழுத்தினால் படலம் போலாகிறது. அதைப் புண்ணின் மேல் விரித்து, ஒட்டாத வலைத்துணி போட்டு மூடுகிறார்கள். சிரைப் புண்ணென்றால் அதன் மேல் அழுத்தக் கட்டு. பாதப் புண்ணென்றால் புண்ணில் சுமை விழாத காலணி. வாரம் ஒருமுறை இதே வேலை.

விலை கூடிய உயிரித் தொழில்நுட்பக் களிம்புகளோடு ஒப்பிட்டால், இங்கே மூலப்பொருள் நோயாளியிடமே இருக்கிறது. சொந்த ரத்தம் என்பதால் ஒவ்வாமைப் பயமும், பிறரிடமிருந்து தொற்று வரும் பயமும் மிகக் குறைவு. இந்தியாவில் மருத்துவக் கல்லூரிகளின் தோல் பிரிவுகளில் தொழுநோய்ப் பாதப் புண்ணுக்கும் சிரைப் புண்ணுக்கும் இதைச் செய்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். ஏழை நாட்டுக்கு ஏற்ற முறை என்று நான் இதை மதிப்பதற்குக் காரணம் இந்த எளிமைதான்.

சான்று என்ன சொல்கிறது

எளிமை மட்டும் போதாது, பலன் வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016இல் பி.ஆர்.பி. குறித்த 10 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது; மொத்தம் 442 நோயாளிகள். சர்க்கரைப் பாதப் புண்ணில் பலன் இருக்கலாம், சிரைப் புண்ணில் தெளிவில்லை, ஆய்வுகளின் தரமும் குறைவு என்பதே அதன் முடிவு.

2018இல் வெளியான ஆய்வு இதைவிட உறுதியானது. பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடன் ஆகிய மூன்று நாடுகளின் 32 மருத்துவமனைகளில், நான்கு வார நல்ல வைத்தியத்துக்கும் பாதி சுருங்காத சர்க்கரைப் பாதப் புண்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான வைத்தியம். மற்ற குழுவுக்கு அதோடு, 18 மி.லி. சொந்த ரத்தத்தில் செய்த படலம் வாரந்தோறும். 20 வாரத்துக்குள் முதல் குழுவில் 134 பேரில் 29 பேருக்குப் புண் மூடியது. படலம் வைத்த குழுவில் 132 பேரில் 45 பேருக்கு மூடியது. சதவீதத்தில் 22க்கு 34. 2021இல் மெடிகேர் தன் பழைய நிலையை மாற்றி, சர்க்கரை நோயின் ஆறாத புண்களுக்கு 20 வாரம் வரை பி.ஆர்.பி. சிகிச்சைக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது.

இந்த எண்களை முழுதாகப் படிக்க வேண்டும். காலை இழக்கும் விளிம்பில் நிற்கும் ஒருவருக்கு 22க்கும் 34க்கும் உள்ள வித்தியாசம் பெரியது. ஆனால் படலம் வைத்தும் 20 வாரத்தில் 87 பேருக்கு ஆறவில்லை. மூன்று முறை போட்டால் புண் ஓடிவிடும் என்று யாராவது விளம்பரம் செய்தால், நம்ப வேண்டாம்.

மாறாமல் நிற்பவை

சிரைப் புண்ணைப் பொறுத்தவரை, மூலத்தைச் சரிசெய்வதே முதல் வேலை. 2004இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், கட்டு மட்டும் போட்டவர்களில் 28 சதவீதத்தினருக்கு ஓராண்டில் புண் திரும்பி வந்தது. கட்டோடு சிரை அறுவையும் செய்துகொண்டவர்களுக்கு அது 12 சதவீதம்தான். 2018இல் வந்த இன்னொரு ஆய்வில், பழுதான சிரையைத் தாமதிக்காமல் உள்ளிருந்தே அடைத்தபோது புண் 56 நாளில் மூடியது. தாமதித்தவர்களுக்கு 82 நாள் ஆயிற்று. லேசரோ வெப்பக் கம்பியோ கொண்டு செய்யும் இந்தச் சிகிச்சை இன்று தமிழ்நாட்டின் பெரிய ஊர்களில் கிடைக்கிறது.

கட்டுவதற்கு முன் தமனி ஓட்டம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.8க்குக் கீழே இருந்தால், இறுக்கிக் கட்டுவது காலுக்கே ஆபத்தாகலாம். தமனி அடைத்திருந்தால் அதைத் திறக்காமல் எத்தனை படலம் வைத்தும் பயனில்லை. வருடக்கணக்காக இருக்கும் புண்ணின் விளிம்பு தடித்துப் புடைத்தால், சதை எடுத்துப் புற்றா என்று சோதிக்க வேண்டும். செல்களைப் பெருகச் சொல்லும் பொருளைப் புற்றின் மேல் வைத்துவிடக் கூடாது. சீழும் எலும்புத் தொற்றும் இருந்தால் அவற்றை முதலில் தீர்க்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும். பீடி, சிகரெட்டை விட வேண்டும். முட்டை, பருப்பு என்று புரதம் தட்டில் இருக்க வேண்டும்.

இவற்றைச் செய்யாமல் ரத்தப் படலம் வைப்பது, உழாத நிலத்தில் விதைப்பது. நைட்டனின் 49 பேரில் தொடங்கி மூன்று நாடுகளின் ஆய்வு வரை, நல்ல பலன் கண்ட இடங்களிலெல்லாம் சுத்தம் செய்தலும் சுமை குறைத்தலும் கட்டும் கூடவே நடந்தன என்பதை மறக்கக் கூடாது.

இன்று பெரிய தெருக்களில் பி.ஆர்.பி. என்ற பலகையைப் பார்க்கிறோம். பெரும்பாலும் அது முடி வளரவும் முகம் பளபளக்கவும். அதே சென்ட்ரிஃபியூஜ் ஒவ்வொரு அரசுத் தலைமை மருத்துவமனையின் ஆய்வகத்திலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. வாரம் ஒருநாள் புண்ணுக்கென்று தனிப் பிரிவு, அழுத்தக் கட்டுப் போடப் பயிற்சி பெற்ற இரண்டு செவிலியர்கள், ரத்த ஓட்டத்தைச் சோதிக்க ஒரு கையடக்க டாப்ளர் கருவி, கட்டுத்துணியும் எம்.சி.ஆர். செருப்பும் இலவசமாக. இவை அமைந்தால், தேவைப்படுகிறவருக்கு ரத்தப் படலமும் அங்கேயே வைக்கலாம். சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைக் காக்க ‘பாதம் பாதுகாப்போம்’ என்ற திட்டம் தமிழ்நாட்டில் வந்திருக்கிறது. வீடு தேடி மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021இலிருந்தே நடக்கிறது. மாத்திரை கொடுக்கும் பணியாளர் “அம்மா, காலைக் கொஞ்சம் காட்டுங்க” என்று கேட்டுப் பார்த்துவிட்டால், உள்ளங்கை அகலத்துக்குப் பரவவிருந்த புண் நாணயம் அளவிலேயே பிடிபடும்.

வீட்டில் ஆறாத புண்ணோடு ஒருவர் இருந்தால், மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது சிரைப் புண்ணா, தமனிப் புண்ணா, உணர்ச்சியிழந்த பாதப் புண்ணா? காரணத்தைச் சரிசெய்ய என்ன செய்கிறோம்? நான்கு வாரத்தில் புண் பாதியாகச் சுருங்கியதா? மூன்றாவது கேள்விக்கு இல்லை என்ற பதில் வந்தால், சொந்த ரத்தத்தில் செய்யும் சிகிச்சை பொருந்துமா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நின்று உழைத்து ஓய்ந்த கால்களுக்கு அந்தச் சிகிச்சை எட்டும்படி செய்யும் கடமை நம் மருத்துவமனைகளுக்கு உண்டு.